மாத்தளையில் கிறிஸ்தவப் பிள்ளை வளர்ப்பு: வஹாகோட்டை முதல் பல்லேகம வரை

மாத்தளை மாவட்டத்தில் கிறிஸ்தவ விசுவாசம் மூன்று முறை தன் வெளித்துணையை இழந்திருக்கிறது. 1740களில் கண்டி அரசன் கத்தோலிக்கக் குருமாரை நாட்டைவிட்டு வெளியேற்றினான். 1869க்குப் பின் இலைநோயால் காப்பி அழிந்தபோது, தோட்டத்துரைமாரின் சந்தாவில் நடந்துவந்த மிஷன் தளர்ந்தது. 1960இலும் 1961இலும் வந்த சட்டங்களால் திருச்சபைகளின் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. ஒவ்வொரு முறையும் பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பு வீட்டின் மேலேயே வந்து விழுந்தது. இம்மாவட்டத்தில் அந்தப் பொறுப்பை யார், எப்படிச் சுமந்தார்கள் என்பது குருமாரின் வரலாற்றைவிடக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

நிலத்தின் அமைப்பும் இந்த வரலாற்றை இரண்டாகப் பிரித்தது. கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை வழியாக வடக்கே யாழ்ப்பாணம் போகும் பெருவழி மாவட்டத்தின் மேற்குப் பாதியில் செல்கிறது. குடியேற்றமும் வணிகமும் தோட்டமும் மிஷனும் இந்த வழியை ஒட்டியே வந்தன. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் சுவராக நிற்கிறது. இரத்தோட்டையைக் கடந்து, றிவஸ்டன் கணவாயில் ஏறி, இலுக்கும்புர வழியாக இறங்கினால் லக்கல நாட்டின் பல்லேகமவை அடையலாம். நெல்வயலும் சேனையுமாக வாழ்ந்த பழைய சிங்களப் பௌத்தக் கிராமங்களின் நாடு அது. காப்பித் தோட்டங்களின் பெருக்கமும் அவற்றைத் தொடர்ந்து வந்த தமிழ்க் குடியேற்றமும் மேற்குப் பக்கத்தைச் சூழ்ந்ததுபோல இந்தக் கிழக்குப் பக்கத்தைச் சூழவில்லை. மேற்கே ஒரு கிறிஸ்தவப் பிள்ளைக்குக் கோயில் மணிச்சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தது. கிழக்கே அது மலைக்கு அப்பால் இருந்தது.

பிள்ளைகளுக்குத் தமிழில் கிறிஸ்தவ போதனை சொல்லும் முறை இந்த மலைகளில் பிறந்ததன்று. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் பிறர் உதவியோடு தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு தெருவில் மணி அடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் பகலில் படித்ததை மாலையில் தாய் தகப்பனுக்கும் வேலைக்காரருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. பெரியவரிடமிருந்து சிறியவருக்கு என்ற வழக்கமான திசையை அது திருப்பிவிட்டது. அச்சு வந்தபோதும் முதல் வேலை இதுவாகவே இருந்தது. 1578இல் கொல்லத்தில் அன்றிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம் கொண்ட சிறு மறைக்கல்வி நூல். மறு ஆண்டு கொச்சியில் வெளிவந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ கேள்வியும் பதிலுமாக அமைந்தது. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகங்கள் பிள்ளைகளும் பாமரரும் ஓதிக் கற்பதற்காகவே உண்டாயின என்பதைத் தமிழ் அச்சு வரலாறு இன்னும் போதிய அழுத்தத்தோடு சொல்லவில்லை.

மாத்தளை மாவட்டத்தின் மிகப் பழைய கத்தோலிக்கச் சமூகம் கலேவெலைக்கு அருகிலுள்ள வஹாகோட்டையில் இருக்கிறது. போர்த்துக்கேயர் 1658இல் தங்கள் கடைசிக் கோட்டையான யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தரிடம் இழந்தனர். கத்தோலிக்க வழிபாட்டை ஒல்லாந்தர் தடைசெய்தனர். குருமாருக்கு இடம் கொடுப்போர் கடுந்தண்டனைக்கு உள்ளாகலாம் என்று ஆணையிட்டனர். அப்போது கண்டியை ஆண்டவன் இரண்டாம் இராஜசிங்கன். அவன் காலத்தில் கண்டி நாட்டுக்குள் வந்து குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயக் குடும்பங்களின் வழிவந்தவர்களே வஹாகோட்டையார் என்பது ஊர் மரபு. தலைமுறைகள் போகப்போக அவர்கள் பேச்சாலும் உடையாலும் உழவாலும் கண்டி நாட்டுச் சிங்களவராகவே ஆனார்கள். சமயம் மட்டும் மாறவில்லை.

அது மாறாமல் இருந்ததற்கு ஒரு மனிதரின் முன்யோசனையும் காரணம். கோவாவில் 1651இல் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகித்துச் சிறையில் வைத்தார்கள். பின்னர் அரசனின் நம்பிக்கையைப் பெற்றார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, ஊரே கைவிட்ட நோயாளிகளைத் தாமே பராமரித்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தப் புகழ்பெற்ற செயல்களுக்கு இணையாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று அவர் செய்த ஊர் ஏற்பாடு. விரல்விட்டு எண்ணக்கூடிய குருமாரைக் கொண்டு ஒரு தீவு முழுவதையும் பார்க்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே ஒவ்வொரு குடியிருப்பிலும் பொதுநிலையினரைப் பொறுப்பில் வைத்தார். மூப்பர் கோயிலைப் பார்த்துக்கொண்டார். அண்ணாவியார் செபம் முன்னெடுத்தார், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொன்னார். குழந்தை சாகும் நிலையில் இருந்தால் குரு வரும்வரை காத்திராமல் ஞானஸ்நானம் கொடுக்கவும் ஊரில் ஆள் இருந்தது.

வாஸ் அடிகளாருக்குப் பின் இந்த ஏற்பாட்டுக்கு எழுத்தில் உயிர் கொடுத்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் இறக்கும்வரை சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். குரு இல்லாத ஊரில் அண்ணாவியார் எடுத்து வாசிக்கக்கூடிய நூல்கள் அவை. கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் தமிழ்க் கோயில்களில் இன்றும் ஓதப்படுகிறது. இசையோடும் அழுகையோடும் ஓதப்படும் இத்தகைய நூல், எழுத்தறியாத பிள்ளையின் மனத்திலும் ஆண்டுக்கு ஒரு முறை சுவிசேஷத்தைப் பதித்துவிடும். மனப்பாட மறைக்கல்வி மூளைக்குச் செய்ததை இது நெஞ்சுக்குச் செய்தது.

ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் (1739–1747) காற்று திரும்பியது. குருமார் வெளியேற்றப்பட்டார்கள், கோயில்கள் இடிக்கப்பட்டன. அதிலிருந்து 1815இல் கண்டி பிரித்தானியர் வசமாகும்வரை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், அதாவது மூன்று தலைமுறை, கண்டி நாட்டுக் கத்தோலிக்கர் பெரும்பாலும் குரு இல்லாமலே பிள்ளை வளர்த்தார்கள். திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, உறுதிப்பூசுதல் இல்லை. வீட்டில் சொல்லிய செபமாலை இருந்தது. அந்தோனியார் மீதிருந்த பக்தி இருந்தது. அண்ணாவியாரின் ஏடு இருந்தது. இவற்றைக் கொண்டே ஒரு சமூகம் தன் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வைத்திருந்தது. வஹாகோட்டை அந்தோனியார் திருத்தலத்துக்கு இன்று நாட்டின் பல பாகங்களிலிருந்தும் சிங்களவரும் தமிழரும் யாத்திரை வருகிறார்கள். திருத்தலத்தின் புதுமைகளை அவர்கள் பேசுவார்கள். குரு இல்லாத எழுபது ஆண்டும் ஒரு குழந்தைக்குச் சிலுவை அடையாளம் போடச் சொல்லிக்கொடுத்த தாய்மாரின் விடாப்பிடி அதைவிடச் சிறிய புதுமையன்று.

பிரித்தானியர் ஆட்சியில் இரண்டாவது கதை தொடங்குகிறது, அது தமிழர் கதை. 1830களிலிருந்து கண்டி மலைகளில் காப்பி பெருகியது. திருச்சி, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து வந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே அநுராதபுரம், தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே இறந்தவர் பலர். பிழைத்தவருக்கு மாத்தளையே மலைநாட்டின் வாசல். அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். ஒரு சிறு பகுதியினர் கிறிஸ்தவர்கள்.

அந்தச் சிறு பகுதியினர் வெறுங்கையோடு வரவில்லை. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயரின் காலத்திலிருந்து திருநெல்வேலியில் கிறிஸ்தவ ஊர்களுக்கென்று ஓர் ஒழுங்கு உருவாகியிருந்தது. ஊர் நடுவே ஜெபவீடு, காலையும் மாலையும் மணி, உபதேசியார், பள்ளிக்கூடம், ஆண் பிள்ளையோடு பெண் பிள்ளைக்கும் படிப்பு, உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவைக்கும் பிடியரிசிக் காணிக்கை. இப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளைக்கு விசுவாசம் தனிப் பாடமாக வரவில்லை. நாளின் ஒழுங்காகவே வந்தது. தோட்டத்துக்கு வந்த குடும்பம் அந்த ஊரை இழந்தது. நினைவில் இருந்த ஒழுங்கை லயம் என்ற வரிசைக் குடியிருப்புக்குள் எப்படி வைத்துக்கொள்வது என்பதே அதன் கேள்வி.

1854இல் தோட்டத்துரைமார் சிலர் முன்கையெடுக்க, சர்ச் மிஷன் சங்கத்தின் துணையோடு தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. வெவ்வேறு புரொட்டஸ்தாந்து சபைகளைச் சேர்ந்த துரைமார் அதற்குச் சந்தா கொடுத்தார்கள். திருநெல்வேலியில் பணியாற்றித் தமிழ் அறிந்திருந்த செப்டிமஸ் ஹாப்ஸ் ஐயர் அதன் முதல் மிஷனரியாக வந்தார். ஆனால் வேலையைத் தோளில் சுமந்தவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமாரே. அவர்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். காலைப் பெரட்டில் ஆட்கள் கூடும்போதும், மாலையில் லயத்து வாசலிலும், மொழியறிந்த ஒருவர் பேசினார், பாடினார், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். மிஷனின் பெயரில் இருந்த ‘கூலி’ என்ற சொல் பிற்காலத்தில் நீக்கப்பட்டது. அது நீங்கவேண்டிய சொல்லே.

தோட்டத்துக் குடும்பத்தின் நாளைப் பார்த்தால் பிள்ளை வளர்ப்பின் கடினம் விளங்கும். விடியுமுன் தப்படிக்கும், தாயும் தகப்பனும் பெரட்டுக்கு ஓட வேண்டும். கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில் ஆயாவின் பொறுப்பில் கிடக்கும். சற்று வளர்ந்த பிள்ளை தங்கையைத் தூக்கிவைத்திருக்கும், விறகு பொறுக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் அதுவே புல்வெட்டவோ, காப்பிக்குப் பின் வந்த தேயிலையில் கொழுந்து எடுக்கவோ போகும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என்று மூன்று சம்பளம் வகுத்தது. சிறுவர் உழைப்பு அந்த அளவுக்கு இயல்பாக இருந்தது. வீடு என்பது ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடிக் காம்பரா ஒன்று. அடுப்பும் படுக்கையும் அதிலேயே. அடுத்த காம்பராவின் சண்டையும் சிரிப்பும் சுவர் தாண்டிக் கேட்கும்.

இந்த நாளில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சேர்ந்து கிடைத்தது இரவுச் சாப்பாட்டை ஒட்டிய சிறுபொழுது. குடும்ப ஜெபம் அங்கே அமர்ந்தது. பாட்டு ஒன்று, வேதப் பகுதி ஒன்று, ஜெபம், கர்த்தரின் ஜெபம். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரும் (1774–1864) மற்றவர்களும் இயற்றிய கீர்த்தனைகள் அதற்கு வாய்த்த பெரிய கொடை. இராகமும் தாளமும் தமிழ் மண்ணுக்குரியவை என்பதால், எழுத்துத் தெரியாத பாட்டியும் மூன்று வயதுப் பேரனும் ஒரே பாட்டைப் பாட முடிந்தது. வேதப் புத்தகமோ வேறு விதமாக வேலை செய்தது. பெற்றோருக்கு வாசிக்கத் தெரியாத வீடுகளில், பள்ளியில் இரண்டு எழுத்துப் படித்துவந்த பிள்ளையே வாசித்துக்காட்டியது. 1871இல் ஹென்றி பவர் ஐயர் தலைமையில் முடிந்த தமிழ் மொழிபெயர்ப்பு வந்தபின் பெரும்பாலான புரொட்டஸ்தாந்து வீடுகளில் அதுவே வீட்டு வேதாகமம். அந்த நடை பேச்சுத் தமிழிலிருந்து மிகவும் விலகியது. பிள்ளை தடுமாறித் தடுமாறி வாசிக்கும், பெரியவர்கள் பொருளை விளக்குவார்கள். சவேரியார் கடற்கரையில் செய்த ஏற்பாடு, யாரும் திட்டமிடாமலே, மலையில் மீண்டும் நடந்தது.

தோட்டம் நிலையான இடமாகவும் இருக்கவில்லை. ஆள் சேர்க்கும் கங்காணியிடம் பட்ட கடனோடு குடும்பங்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறின. கடனைச் சீட்டில் குறித்து அந்த மாற்றத்தைக் கட்டுப்படுத்திய ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. ஞாயிறு பாடசாலைப் பதிவேட்டில் இந்த ஆண்டு இருந்த பெயர் அடுத்த ஆண்டு இராது. உபதேசியார் ஒரு வட்டத்தைச் சுற்றி வரச் சில வாரம் ஆகும். அவர் வராத வாரங்களில் பிள்ளைக்குத் தொடர்ந்து கிடைத்த ஒரே போதனை காம்பராவில் நடந்ததுதான். மிஷன் அறிக்கைகள் தோட்டங்களின் எண்ணிக்கையையும் ஞானஸ்நானங்களின் எண்ணிக்கையையும் சொல்லும்; காம்பராவை எந்த அறிக்கையாலும் எண்ண முடியாது.

பள்ளி வந்தது பிந்தியே. 1904இல் தோட்டப் பிள்ளைகளின் கல்வி பற்றி பரோஸ் அறிக்கை வெளிவந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுப்பதையும் அதற்கு ஓர் இடம் ஒதுக்குவதையும் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். மிஷன் பொறுப்பேற்ற தோட்டங்களில் வாரநாளில் எழுத்துச் சொன்ன ஆசிரியரே ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்தினார். அவர் முன் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துப் பிள்ளைகள். அவர்களும் தாவீது, கோலியாத்துக் கதையைக் கேட்டு வளர்ந்தார்கள்; மதம் மாறியவர்கள் சிலரே. மாத்தளை நகரில் கிறைஸ்ட் சர்ச் ஆலயமும் அதன் பள்ளியும், 1873இல் தொடங்கிய சென் தோமஸ் கல்லூரியும் ஆங்கிலக் கல்வியின் வாசலாயின. ஆனால் லயத்துப் பிள்ளை அந்த வாசலை மிதிப்பது அரிது. உபதேசியாரின் பிள்ளைக்கு ஓரளவு கிட்டியது. கத்தோலிக்கருக்கு 1886இல் கண்டி மறைமாவட்டம் அமைந்தது; சில்வெஸ்திரைன் துறவியர் மலையகப் பங்குகளை நடத்தினார்கள்.

பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்பதில் உடன்பாடு இருந்ததில்லை. ஓய்வுநாளைக் காப்பது, பொய் சொல்லாமை, கடன் வாங்காமை, கள்ளும் சாராயமும் தொடாமை ஆகியவற்றை எல்லாச் சபைகளும் வற்புறுத்தின. சம்பள நாளில் சாராயக் கடை ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்; குடிக்காத தகப்பன் ஒருவனே பிள்ளைக்குப் பெரிய பிரசங்கம். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. காதுகுத்து, மகள் பெரியபிள்ளையானால் செய்யும் சடங்கு, பொட்டு, பொங்கல் இவையெல்லாம் சமயமா, குல வழக்கமா? புரொட்டஸ்தாந்து உபதேசிமார் பலவற்றை விலக்கினார்கள். கத்தோலிக்கர் பெரும்பாலும் வைத்துக்கொண்டு சிலுவை அடையாளம் போட்டார்கள். மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேரும் தெருவில் வரும்போது, ஒரே லயத்தில் வளர்ந்த கிறிஸ்தவப் பிள்ளையை வீட்டுக்குள் பிடித்துவைப்பது எளிதன்று. பிடித்துவைக்காமல், நம் வீட்டுப் பண்டிகை எது, அவர்கள் வீட்டுப் பண்டிகை எது என்று சொல்லிக்கொடுத்து, நத்தாருக்குப் பலகாரம் கொடுத்தனுப்பி, தீபாவளிக்கு வாங்கிக்கொண்ட குடும்பங்களே நீடித்த உறவோடு விசுவாசத்தையும் காத்தன.

இரண்டு இடங்களில் இந்த வளர்ப்பு தவறியது, அதை மறைக்கக்கூடாது. ஒன்று சாதி. கர்த்தரின் பந்தியில் ஒன்றாக அமரச் சொல்லிக்கொடுத்த அதே வீடு, கலியாணப் பேச்சில் சாதி பார்த்தது. பிள்ளை இரண்டையும் கவனித்தது. மற்றொன்று கீழ்ப்படிதல். உபதேசியாரின் சம்பளத்தில் துரைமாரின் பணம் இருந்தது. தோட்டத்துக்குள் நுழைய அவர்களின் அனுமதி வேண்டும். தேவனுக்குக் கீழ்ப்படிதல் பற்றிய பாடம், துரைக்குக் கீழ்ப்படிதலாகச் சுருங்கிப்போன வகுப்பறைகள் இருந்தன. கூலியைப் பிடித்துவைத்துக்கொள்ளும் முதலாளியைப் பற்றித் தீர்க்கதரிசிகள் என்ன சொன்னார்கள் என்பது அந்த வகுப்பில் அபூர்வமாகவே பேசப்பட்டது.

பெண்களின் பங்கு தாமதமாகவே பெயர் பெற்றது. மேரி சம்னர் 1876இல் இங்கிலாந்தில் தொடங்கிய தாய்மார் ஐக்கியம் ஆங்கிலிக்கன் சபைகள் வழியாக இலங்கைக்கும் வந்தது. பிள்ளைகளைக் கிறிஸ்தவராக வளர்ப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. தாய்மார் கூடி ஜெபித்ததோடு, குழந்தை நோய், சுத்தம், குடிகாரக் கணவன் பற்றியெல்லாம் பேச ஓர் இடமும் கிடைத்தது. 1950இல் குருநாகல் மறைமாவட்டம் அமைந்து, மாத்தளை ஆங்கிலிக்கன் சபைகள் அதன் கீழ் வந்தன. முதல் ஆயர் லக்தாச த மெல் உள்ளூர் இசையையும் கலையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். தன் பாட்டியின் தாளம் கோயிலிலும் கேட்டால் பிள்ளைக்கு அது அந்நியக் கோயிலாகத் தோன்றாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. மாத்தளைத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் தலைமன்னாருக்கு ரயிலேறின. நீலகிரியிலும் பிற இடங்களிலும் அவர்கள் மீண்டும் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்து, மீண்டும் புது ஊரில் பிள்ளை வளர்க்கத் தொடங்கினார்கள். 1977, 1981, 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்கள் மேலும் பலரை வடக்கே வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் விரட்டின.

இதற்கிடையில் 1960ஆம் ஆண்டின் 5ஆம் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசுக்குரியவையாக்கின. கத்தோலிக்கப் பெற்றோர் பல ஊர்களில் பாடசாலைக் கட்டடங்களுக்குள் இரவு பகலாகத் தங்கி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மாத்தளையின் சென் தோமஸும் கிறைஸ்ட் சர்ச்சும் பெயரைத் தக்கவைத்துக்கொண்டு அரசுப் பாடசாலைகளாயின. தோட்டப் பாடசாலைகள் 1977 முதல் படிப்படியாக அரசிடம் சென்றன. ஆசிரியர் எண்ணிக்கையும் கட்டடமும் தோட்டப் பிள்ளைக்கு மெல்ல மெல்லக் கூடின, அது நன்மை. ஆனால் எழுத்தும் விசுவாசமும் ஒரே மனிதரிடமிருந்து வந்த காலம் முடிந்தது. திருச்சபைப் பாடசாலைகள் கைமாறிய 1960களிலேயே, பிள்ளை வளர்ப்பு முதலில் வீட்டின் பொறுப்பு என்ற முடிவுக்குக் கத்தோலிக்கத் திருச்சபையும் வேறு வழியில் வந்திருந்தது: 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதலும் முதன்மையுமான ஆசான்கள் பெற்றோரே என்று தெளிவாக்கியது. வஹாகோட்டைத் தாய்மாருக்கு அது புதுச்செய்தி அன்று.

அரசுப் பாடசாலையில் சமயம் ஒழிந்துவிடவில்லை. க.பொ.த. சாதாரண தரம்வரை ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைப் பாடமாகப் படிக்க வேண்டும். கத்தோலிக்கத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் தனித்தனிப் பாடநூல்கள் தமிழிலும் சிங்களத்திலும் உண்டு. 1980 முதல் பாடநூல்கள் இலவசம். உலகில் பல நாட்டுச் சிறுபான்மையினருக்கு இல்லாத வசதி இது. ஆனால் நூல் இருந்தால் போதாது, சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். 2012 கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் கிறிஸ்தவர் 7 வீதத்துக்குச் சற்றே அதிகம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மேற்குக் கரையிலும் வடக்கிலும் வாழ்கிறார்கள். உள்நாட்டின் சிறு பாடசாலை ஒன்றில் ஒரே ஒரு கிறிஸ்தவப் பிள்ளை இருந்தால், சமய நேரத்தில் அது தனியே உட்கார்ந்திருக்கும், அல்லது வேறு வகுப்பில் இருக்கும். அந்தப் பிள்ளைக்குப் பரீட்சைக்கும் விசுவாசத்துக்கும் ஆசிரியர் வீட்டில்தான் இருக்கிறார்.

பல்லேகம அத்தகைய இடம். பழைய பல்லேகம நகரம் இன்று இல்லை. மொரகஹகந்தை–களுகங்கைத் திட்டத்தின் களுகங்கை நீர்த்தேக்கத்துக்காக அது இடம் விட்டது. 2018இல் புதிய லக்கல நகரம் திறக்கப்பட்டது; பாடசாலையும் வைத்தியசாலையும் அலுவலகங்களும் அங்கே சென்றன. அணை வேலைக்கு வெளியூரிலிருந்து குடும்பங்கள் வந்த, அரச பணிக்கு இன்றும் வரும் இடம் இது. மாத்தளைக் கோயில்களுக்கு நேர்வழியில் போக றிவஸ்டன் மலையைத் தாண்ட வேண்டும். மழைக்காலத்தில் மூடுபனியும் மண்சரிவும் வழியை மறிக்கும். இங்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பம் பிள்ளை வளர்க்க வேண்டுமானால், 1740களுக்குப் பின் வஹாகோட்டைக் குடும்பங்களுக்கு இருந்த அதே கருவிகள்தான் பெரும்பாலும் கைவசம்: இரவு ஜெபம், பாட்டு, மனப்பாடம், பெரியவர்கள் நடந்துகாட்டும் முறை. கைத்தொலைபேசியில் ஆராதனையைக் கேட்கலாம் என்பது புதிதாகச் சேர்ந்தது. ஆனால் தொலைபேசி பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லாது.

இந்த வரலாற்றின் சான்றுகள் அழிந்துவருகின்றன. தோட்டத்து வேதாகமங்களின் முன்தாளில் பிறப்பும் ஞானஸ்நானமும் மரணமும் வீட்டாரின் கையெழுத்தில் உள்ளன. வஹாகோட்டை போன்ற ஊர்களில் முன்னோர் ஓதிய செபப் பிரதிகள் எஞ்சியிருக்கலாம். இந்தியாவுக்குப் போன குடும்பங்கள் எடுத்துச்சென்ற பாட்டுப்புத்தகங்கள் நீலகிரி வீடுகளில் கிடக்கக்கூடும். மிஷனரிகளின் அறிக்கைகள் இங்கிலாந்தில் பத்திரமாக இருக்கின்றன. பிள்ளைகளை உண்மையில் வளர்த்த தாய்மாரின் எழுத்துக்கு அத்தகைய பெட்டகம் இல்லை. கண்டி, குருநாகல் மறைமாவட்டங்களும் மலையக ஆய்வாளர்களும் அந்த முன்தாள்களைப் படமெடுத்துச் சேர்க்கத் தொடங்க வேண்டும். வீட்டில் அப்படி ஒரு பழைய வேதாகமம் வைத்திருப்பவர்கள் அதை எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.